காலி நாற்காலிகளை அனுப்பியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

என் நாவலுக்காக நடத்திய புகைப்படப் போட்டி முடிந்துவிட்டது, பரிசுகளும் போய்ச் சேர்ந்துவிட்டன. பரிசு பெற்ற படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் படங்கள் உங்கள் கண்ணுக்கு வந்து சேரும்வரை எத்தனை பேர் எனக்கு முட்டுக்கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது விளம்பரத்துக்காகத் தொடங்கிய போட்டி. நாவல் வெளிவந்து சில வாரங்கள் ஆகியும் யாரும் வாய் திறக்காதபோது எழுதியவனுக்கு என்னென்னவோ யோசனைகள் வரும். அவற்றில் கொஞ்சம் கௌரவமானது இது. நாவலின் நாயகர் பிரம்பு நாற்காலி பின்னுகிறவர். அத்தியாயத்துக்கு ஒருவராவது நாற்காலியை விட்டு எழுந்து போய்க்கொண்டிருப்பார். எனவே ‘காலி நாற்காலி’ என்று தலைப்பு வைத்தேன். ஆளுக்கு மூன்று படங்கள், 30 நாள் அவகாசம். என் மூளையில் உதித்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் பிறர் கொடுத்தது.

என் பள்ளித் தோழன் வழக்கறிஞனாக இருக்கிறான். அவனுக்குத்தான் முதல் நன்றி. போட்டி விதிகளை நான் சொந்தமாக எழுதவில்லை. எங்கோ கிடைத்த வேறொரு போட்டியின் விதிகளில் பெயரை மட்டும் மாற்றி அவனுக்கு அனுப்பினேன். “அனுப்பப்படும் படங்களின் முழு உரிமையும் போட்டி நடத்துபவரையே சேரும்” என்று அதில் ஒரு வரி இருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவன் தொலைபேசியில் அழைத்து, “இதே வரியை உன் பதிப்பாளர் ஒப்பந்தத்தில் எழுதிக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுவாயா?” என்று கேட்டான். எனக்குப் பேச்சு வரவில்லை.

பிறகு பாடம் நடத்தினான். எழுதியவனுக்கு எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. படம் எடுத்தவருக்கும் அப்படித்தான். எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிப்புரிமைக்காக நாடுகள் 1886-இல் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையை 1908-இல் திருத்தியபோதே இது உறுதியாகிவிட்டதாம். ஆனால் அதே உடன்படிக்கை எழுத்துக்குக் குறைந்தபட்சமாக ஆசிரியரின் ஆயுளும் அதற்குமேல் 50 ஆண்டுகளும் காப்புத் தருகிறது. புகைப்படத்துக்கோ எடுத்த நாளிலிருந்து 25 ஆண்டுகள்தான். பல நாடுகள் இதைவிட அதிகம் தருகின்றன. 1996-இல் வந்த வேறோர் ஒப்பந்தம், அதில் சேர்ந்த நாடுகளுக்கு இந்தப் பாகுபாட்டையும் களைந்தது. “ஏற்கெனவே படம் எடுக்கிறவனுக்கு அளந்துதான் போட்டிருக்கிறார்கள். அதையும் நீ பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறாயா?” என்றான். படங்களின் உரிமை எடுத்தவர்களிடமே இருக்கும், முடிவுகளை அறிவிக்கவும் இரண்டாம் பதிப்பில் பெயருடன் ஒருமுறை அச்சிடவும் மட்டும் எனக்கு அனுமதி என்று விதியைத் திருத்தி எழுதியவன் அவன்தான். படத்தில் மனித முகம் தெரிந்தால் அவருடைய சம்மதமும், குழந்தை என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்று சேர்த்ததும் அவனே. கட்டணம் வாங்கவில்லை. நாவலை இன்னும் படிக்கவும் இல்லை.

அடுத்து, பெயர் சொல்லாமல் எழுதிய ஒரு வாசகருக்கு. படத்தில் என் புத்தகத்தின் அட்டை தெரிய வேண்டும் என்பது பதிப்பாளரின் நிபந்தனையாக இருந்தது. முதல் வாரத்திலேயே அவருடைய கடிதம் வந்தது: “உங்கள் நாவலை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். திருப்பிக் கொடுத்தும் விட்டேன். என்னிடம் நாற்காலி மட்டும்தான் இருக்கிறது. கலந்துகொள்ளலாமா?” அதைப் பதிப்பாளருக்கு அனுப்பினேன். வியாபாரம் தெரிந்தவர், கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ சிரித்துவிட்டு அந்த நிபந்தனையை அன்றே அடித்துவிட்டார். அவருக்கும் என் நன்றி. உண்மையில் அந்த நிபந்தனையால் யாருக்கும் லாபம் இருந்திருக்காது. அதற்குள் வந்துவிட்ட படங்களில் பளபளப்பான அட்டைமீது ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு, என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பூசணிக்காய் தெரிந்தது. முன்பக்கக் கேமராவில் எடுத்த சிலவற்றில் தலைப்பு இடவலம் மாறி, யாருக்கும் தெரியாத ஒரு பண்டைய லிபியைப் போல் இருந்தது.

என் அக்கா மகளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் கிண்டல் செய்வாள். பரிசை ‘லைக்’ எண்ணிக்கையால் முடிவு செய்துவிடலாம் என்று நான் சொன்னபோது, “அப்படியென்றால் உறவுக்காரர்கள் அதிகம் உள்ளவருக்குத்தான் பரிசு, மாமா” என்றாள். நடுவர்கள் வந்தது அதனால்தான். வந்த ஒவ்வொரு படத்துக்கும் எண் கொடுத்து, பெயரை நீக்கி, அட்டவணை போட்டுவைத்தாள். எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறொன்று. கைப்பேசியில் எடுக்கும் படக்கோப்புக்குள் எடுத்த நாளும் நேரமும் இருக்கும், இருப்பிடம் பதியும் வசதியை அணைக்காமல் விட்டிருந்தால் எடுத்த இடமும் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஒருவர் அனுப்பிய படத்தைத் திறந்து, அவருடைய வீடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டினாள். வயிற்றைக் கலக்கியது. தாத்தாவின் சாய்வு நாற்காலியை அனுப்பியவர் தன் வாசற்படியையும் சேர்த்து அனுப்புவதாக நினைத்திருக்கமாட்டார் அல்லவா? வெளியிடும் முன் ஒவ்வொரு கோப்பிலிருந்தும் அந்தத் தகவலை நீக்கியது அவள்தான். பத்து நாள் மாலைப்பொழுது போனது.

நடுவர்கள் மூவர்: ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோ நடத்திய முதிய புகைப்படக் கலைஞர், ஒரு கவிஞர், என் நாவலுக்கு மெய்ப்புப் பார்த்தவர். மூன்றாமவரை ஏன் சேர்த்தாய் என்று பலர் கேட்டார்கள். ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிற கண் அது. ஒரு படத்தில் நாற்காலியின் நிழல் இடப்பக்கமும் அருகிலிருந்த குவளையின் நிழல் வலப்பக்கமும் விழுந்திருந்ததை முதலில் பார்த்தவர் அவர்தான். அதே இடத்தில் எடுத்த வேறு படம் இருந்தால் அனுப்புங்கள் என்று பணிவாகக் கேட்டோம். அனுப்பியவர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். இயந்திரம் வரைந்த நாற்காலியாக இருந்திருக்கலாம். அதற்குமேல் நாங்கள் துருவவில்லை.

முதிய கலைஞர் பேசுவது குறைவு. ஒரு சுருளில் 36 படம் என்ற கணக்கில் பழகியவர். அழகாக, துல்லியமாக இருந்த படங்களை எல்லாம் “நல்ல நாற்காலி” என்று சொல்லி ஒதுக்கிவைத்தார். கவிஞர் அவற்றில் இரண்டுக்காகச் சண்டையே போட்டார். முதல் பரிசு பெற்ற படத்தில் நாற்காலியின் கைப்பிடியில் ஒரு துண்டு தொங்குகிறது. அதன் ஒரு முனை மட்டும் கலங்கலாகத் தெரிகிறது. அறை இருட்டு என்பதால் கேமரா ஷட்டரைச் சற்று நேரம் திறந்துவைத்திருக்கிறது, அதற்குள் துண்டு அசைந்திருக்கிறது. “இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள்” என்றார் முதியவர். கவிஞர் அதோடு சண்டையை நிறுத்திக்கொண்டார்.

அச்சகத்துக்காரருக்கும் நன்றி, திட்டியதற்கும் சேர்த்து. செய்தி அனுப்பும் செயலி வழியாக வந்த படங்கள் சுருங்கிப்போயிருந்தன. 1,600 பிக்சல் அகலமுள்ள ஒரு படத்தை அவரிடம் கொடுத்து முழுப் பக்கத்தில் போடச் சொன்னேன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் இது ஐந்தேகால் அங்குலத்தைக் கொஞ்சம்தான் தாண்டும், ஏ4 தாளை நிரப்ப 2,480-க்கு 3,508 பிக்சல் வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். மூலக் கோப்புகளை மின்னஞ்சலில் மறுபடி கேட்டு உங்களைத் தொந்தரவு செய்தது இதனால்தான். முகம் சுளிக்காமல் தேடி எடுத்து அனுப்பினீர்கள். திரை தானே ஒளிர்கிறது, தாளுக்கு அந்த வசதி இல்லை. வழவழப்பில்லாத தாளில் மை பரவி இருட்டு இன்னும் இருட்டாகும் என்று சொல்லி, துண்டு தொங்கும் அந்தப் படத்தை நான்கு முறை சோதனை அச்செடுத்துப் பார்த்தவர் அவர். நாலாவது தடவைதான் நாற்காலிப் பின்னலின் கண்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

பரிசு கிடைக்காதவர்களே, உங்களுக்கு ஆறுதல் சொல்லப்போவதில்லை. சில படங்கள் நன்றாக இல்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் படத்தோடு நீங்கள் எழுதிய இரண்டு வரி, மூன்று வரிகளை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நாயகரின் மகள் ஏன் கடைசிவரை அந்த நாற்காலியில் உட்காரவில்லை என்பதற்கு மட்டும் ஏழு காரணங்கள் வந்திருக்கின்றன. நான் நினைத்து எழுதிய காரணம் அவற்றில் இல்லை. அது என்னவென்று இனி வெளியே சொல்லப்போவதுமில்லை, உங்களுடையவை மேலானவை.

கடைசியாக ஒருவருக்கு. கெடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு படம் வந்தது. அதில் நாற்காலியே இல்லை. தேய்ந்த தரையில் நான்கு வட்டத் தடங்களும், அவற்றுக்கு நடுவே வெயில் படாமல் நிறம் மாறாதிருந்த ஒரு சதுரமும் மட்டும் இருந்தன. “நாற்காலியைக் கொடுத்துவிட்டோம். இதுதான் மிச்சம்” என்று எழுதியிருந்தீர்கள். நடுவர்கள் நெடுநேரம் பேசினார்கள். விதி விதிதான் என்று முடிவாயிற்று, அது சரியும்கூட. என் நாவலின் இறுதி அத்தியாயத்தில் நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். வீட்டார் வருந்துவதை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். தரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டாம் பதிப்பில் அந்த இரண்டு பக்கங்களையும் எடுத்துவிட்டு, உங்கள் படத்தை அங்கே வைக்க விரும்புகிறேன். பதிப்பாளரும் சரி என்றுவிட்டார். உங்கள் முகவரிக்கு இருமுறை எழுதினேன், பதில் இல்லை. போட்டியில் சேராத படம் என்பதால் நீங்கள் சொல்லாமல் அச்சிட எனக்கு உரிமை இல்லை, என் தோழனும் விடமாட்டான். இதைப் படித்தால் சரி அல்லது வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள். பக்கங்கள் அச்சுக்குப் போக இன்னும் சில நாட்கள் இருக்கின்றன.

அன்புடன்,
நாவலை எழுதியவன்