பெயர் போட முடியாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மலையில் இருக்கும் என் அன்பானவர்களுக்கு,

வணக்கம். என் ஆய்வேட்டைப் போன மாதம் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டேன். அதில் நன்றியுரைக்கென்று ஒரு பக்கம் உண்டு. நெறியாளர், துறைத்தலைவர், நூலகர் என்று முறைப்படி எல்லாருக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். உங்கள் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. யார் வீட்டில் என்ன கேட்டேன் என்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று உங்கள் எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நம் ஊர் சின்னது. பெயரைப் போட்டு எந்த ஹட்டி என்று ஊரையும் போட்டால் அடுத்த சந்தைக்குள் கோத்தகிரி முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் இந்த மடல். பெயர் இல்லாவிட்டாலும் உங்களை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

நீலகிரியில் ஆட்டிசம் உள்ள இளைஞர்களும் அவர்கள் குடும்பங்களும் எப்படி நாளைக் கழிக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை என்பதுதான் ஆய்வு. இந்தத் தலைப்பை நான் தேடிப் போகவில்லை. என் தம்பிக்கு இப்போது 24 வயது. அவனை மூன்றாம் வகுப்போடு வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பள்ளி அனுப்பியபோது, அவன் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நடந்தவள் நான். அன்றைக்கு வந்த கேள்விகளைத்தான் இத்தனை வருஷம் கழித்துத் தாளில் எழுதிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தேன்.

அம்மாக்களுக்கு முதல் நன்றி. கொழுந்து பறித்துவிட்டு, எடை போட்டுவிட்டு, அடுப்பு மூட்டுவதற்குள் கிடைக்கிற கொஞ்ச நேரத்தை எனக்குக் கொடுத்தீர்கள். குந்தா பக்கம் ஓர் அம்மா பட்டாணி உரித்துக்கொண்டே பேசினார். மகன் பேசாததற்குத் தான் வேலைக்குப் போனதே காரணம் என்று பதினெட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவர். கீழே ஒரு மருத்துவமனையில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அது புதிதில்லை, என் அம்மாவும் அதே பேச்சைக் கேட்டவர்தான்.

அவரிடம் நான் படித்ததைச் சொன்னேன். 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் இந்தப் பிள்ளைகளைப் பற்றி முதலில் விரிவாக எழுதியபோதே, பெற்றோர் பாசம் காட்டாதவர்கள் என்பது போலவும் எழுதிவைத்தார். பிறகு வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பழி முழுவதையும் தாய் தலையில் போட்டார்கள். 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன்தான், இது பிறப்பிலேயே மூளை வளரும் விதத்தில் இருக்கிற வேறுபாடு, வளர்ப்பின் குற்றம் கிடையாது என்று எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகளும் அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அந்த அம்மாவின் கை பட்டாணித்தோலில் அப்படியே நின்றுவிட்டது. "இதை எழுதிக் குடு பாப்பா. அவங்க அப்பாகிட்டக் காட்டணும்" என்றார். என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். மூன்று வருஷத்தில் நான் எழுதியதிலேயே உபயோகமான பக்கம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

என் நெறியாளருக்கும் இங்கே இன்னொரு முறை நன்றி சொல்ல வேண்டும். முதல் வருஷ முடிவில் அம்மாக்களின் பேச்சையெல்லாம் தட்டச்சு செய்து பெரிய கட்டாகக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு நாள் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "எல்லாரும் பிள்ளைகளைப் பத்திப் பேசியிருக்காங்கம்மா. பிள்ளைகள் எங்கே?" எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. வீட்டிலேயே தம்பியை வைத்துக்கொண்டு, அவனைக் கேட்காமல் அவனைப் பற்றி ஊரெல்லாம் கேட்டிருக்கிறேன். டேமியன் மில்டன் என்பவர், அவரே ஆட்டிசம் உள்ள அறிஞர், 2012-ல் எழுதியதை நெறியாளர்தான் படிக்கக் கொடுத்தார். புரிந்துகொள்ளாமை ஒரு பக்கம் மட்டும் இருப்பதில்லை, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நம்மைப் புரியாத அளவுக்கு நமக்கும் அவர்களைப் புரிவதில்லை என்பது மில்டனின் வாதம். அதைப் படித்துவிட்டுக் கேள்வித்தாளை ஓரமாக வைத்தேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இரண்டாம் முறை கதவைத் தட்டியபோது, "மறுபடியுமா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பிள்ளைகளிடமே காட்டிக் கேட்பதற்கான படஅட்டைகளைப் பெரிதாக்கி லேமினேட் செய்து கொடுத்த ஜெராக்ஸ் கடை அண்ணன், எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு காசு வாங்க மறுத்துவிட்டார். அட்டையின் முனை குத்தக்கூடாது என்று நாலு பக்கமும் கத்தரியால் வளைத்து வெட்டிக் கொடுத்ததும் அவர்தான். எனக்கு அது தோன்றவில்லை.

அந்த அட்டைகளோடு, எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றுக்குப் போனதை விரிவாகச் சொல்ல வேண்டும். இருபது வயதுப் பையன். பேச்சு கிடையாது. வீடு, பஸ், கடை, கோயில், மழை என்று படங்களைப் பாயில் பரப்பி, "உனக்குக் கஷ்டமா இருக்கிறது எது?" என்று கேட்டேன். ஒன்றையும் தொடவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், அவன் கட்டிலுக்கு மேலே இருந்த சுவரில் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் கையை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் போனபிறகுதான் உணர்ந்தேன். சுவர் நடுங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் தேயிலை பேக்டரி. இலையை நசுக்கிச் சுருட்டுகிற சிடிசி மெஷின் ஓடுகிற அதிர்வு அந்தச் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கிறது. இலை அதிகமாக வருகிற மாதங்களில் மெஷின் ராத்திரியெல்லாம் ஓடும்.

அவன் அம்மாவும் வந்து கையை வைத்துப் பார்த்தார். "அடியாத்தி, இதுக்குத்தானா ராத்திரியெல்லாம் எந்திரிச்சு நடக்குறான்! நான் வேப்பிலை அடிச்சேனே" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே கட்டிலை எதிர்ப்பக்கம் போட்டு, காலுக்கு அடியில் பழைய சாக்கை மடித்து வைத்தார்கள். அடுத்த முறை போனபோது, முழு ராத்திரியும் இல்லையென்றாலும் மூன்று மணி வரைக்கும் தூங்குகிறான் என்றார். தம்பி, நீ அன்றைக்கு என் கையைப் பிடித்துச் சொன்னதுதான் என் ஆய்வேட்டின் நாலாவது அதிகாரம். அதை எழுத எனக்கு நாற்பது பக்கம் ஆயிற்று.

குன்னூர்ப் பக்கத்துத் தங்கைக்கு. உனக்கு இருபத்தொரு வயது, பதினேழு வயது வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. பெண் பிள்ளைகள் கூட இருப்பவர்களைப் பார்த்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துச் சமாளித்துவிடுவதால் கண்டுபிடிக்க நாளாகிறது என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். நீ பள்ளியில் தினமும் அதைச் செய்து களைத்துப்போய், வீட்டுக்கு வந்ததும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வாய் என்று எழுதினாய். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, நான் வாயால் கேட்க, நீ உன் போனிலிருந்து என் போனுக்குப் பதில் அனுப்பினாய். எனக்கு அது நல்ல பழக்கமாகிவிட்டது, யோசித்துப் பேச முடிந்தது. அரசு விண்ணப்பங்களில் ஆட்டிசத்துக்கு 'புற உலக சிந்தனையற்றோர்' என்று ஒரு சொல் புழங்குகிறதே, அதைக் காட்டி உன்னைக் கேட்டேன். நீ அனுப்பிய பதிலை உன் அனுமதியோடு இங்கே போடுகிறேன்: "எனக்கு வெளி உலகம் ரொம்ப அதிகமா கேக்குதுக்கா. அதான் பிரச்சினை." அந்தச் சொல்லை ஆய்வேட்டில் எங்கேயும் நான் பயன்படுத்தவில்லை. ஏன் இல்லை என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் இந்த வரியைத்தான் படித்துக் காட்டப் போகிறேன்.

மினிபஸ் கண்டக்டர் அண்ணனுக்கு. உங்கள் வண்டியில் காலையில் ஏறும் ஒரு பையனுக்காக முன்னால் ஒற்றை சீட்டைக் காலியாக வைக்கிறீர்கள். அவன் இறங்கும் வரைக்கும் விசில் ஊதுவதில்லை, வண்டித் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டுகிறீர்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "விசில் ஊதுனா காதைப் பொத்திக்கிட்டு அழுவான். எங்க டிரைவருக்குத் தட்டுனாலே கேக்குமே" என்றீர்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லாமல் பார்த்துக் கற்றுக்கொண்ட மனிதர் நீங்கள்.

ஸ்வெட்டர் விஷயத்துக்காகவும் ஒருவரைச் சொல்ல வேண்டும். நம் குளிரில் ஸ்வெட்டர் போடமாட்டேன் என்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு டிசம்பரைத் தாண்டுவது எவ்வளவு கஷ்டம் என்று கீழே இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. கம்பளி உடம்பில் பட்டால் முள் குத்துகிற மாதிரி இருக்கிறது அவர்களுக்கு. அப்பாவின் துவைத்துத் துவைத்து நைந்த பருத்திச் சட்டைகளை மூன்றாக அடுக்கி, காலரையும் லேபிளையும் எடுத்துத் தைத்துக் கொடுத்த தையல்கார அக்காவுக்கு நன்றி. இப்போது அந்தத் தெருவில் மூன்று வீட்டுக்குத் தைக்கிறார்.

கூடலூர்ப் பக்கம் சுகாதாரப் பணியாளர் அக்கா இல்லாவிட்டால் நான் பழங்குடிகள் குடியிருக்கும் எந்தப் பாடிக்குள்ளும் போயிருக்க முடியாது. "நீங்க சொல்ற பேரு இங்க யாருக்கும் தெரியாது. வந்து உட்காருங்க, முதல்ல டீ குடிங்க, அப்புறம் நான் கேக்குறேன்" என்றார். ஆட்டிசத்துக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்குவதற்கான மதிப்பீட்டில் 40 கூற்றுகள் இருக்கின்றன. கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா என்பது போன்றவை. பெரியவர்கள் முன்னால் தலை குனிந்து நிற்பதுதான் மரியாதை என்று வளர்ந்த பிள்ளையிடம் அதை எப்படிக் கேட்பது, எதை வைத்து மதிப்பெண் போடுவது என்று அவர் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. அவற்றை அப்படியே கடைசி அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறேன். கூடலூரிலிருந்து ஊட்டி ஐம்பது கிலோமீட்டர். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு, அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து, "டாக்டர் இன்னைக்கு லீவு" என்று கேட்டுத் திரும்பிப் போன குடும்பங்களை அவரோடுதான் பார்த்தேன். 2022-ல் ஊட்டிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருக்கிறது. ஆனால் பந்தலூர் மேட்டில் இருப்பவர்களுக்கு ஊட்டியும் தூரம்தான். மாதத்தில் ஒரு நாளாவது மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் அவர்களிடம் போக வேண்டும். இதைப் பரிந்துரையாக எழுதியிருக்கிறேன், நீங்கள் சொல்லச் சொன்ன அதே வார்த்தையில்.

அப்பாக்கள் அதிகம் பேசவில்லை. பேசிய ஒருவரை மறக்க முடியாது. "இந்த மலையிலேயே எங்க வீட்டுல மட்டும்தான் இப்படி" என்றார். உலகத்தில் சுமார் 127 பேருக்கு ஒருவர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துச் சொல்வதை எடுத்துச் சொன்னேன். மனசுக்குள் கணக்குப் போட்டார். "எங்க எஸ்டேட்ல அறுநூறு பேரு. அப்படின்னா நாலஞ்சு பேரு இருக்கணுமே. எங்க அவங்க?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே லைன் லைனாக நடந்து போய் விசாரித்திருக்கிறார். இரண்டு வீட்டைக் கண்டுபிடித்தார். இப்போது அந்த மூன்று குடும்பமும் ஒன்றாகத்தான் ஊட்டிக்குப் போகிறார்கள்.

எல்லா வீட்டிலும் பேச்சு கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்றே ஒன்றுதான்: "எனக்குப் பிறகு?" 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது, 6 வயதிலிருந்து 18 வரைக்கும் இலவசக் கல்வி என்கிறது. பதினெட்டு முடிந்த மறுநாள் என்ன செய்வது என்றுதான் நீங்கள் என்னைக் கேட்டீர்கள். மகனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டால் பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. என் வீட்டிலேயே தெரியாது. அந்த விண்ணப்பத்தை நிரப்பக் கற்றுக்கொண்டேன். இன்னும் வேண்டியவர்கள் கூப்பிடுங்கள், ஆய்வு முடிந்துவிட்டது என்று தயங்காதீர்கள். ஆனால் உங்கள் பிள்ளைகளிடம் கேட்டபோது அவர்கள் காப்பாளரைக் கேட்கவில்லை. ஒருவன் வேலை கேட்டான். ஒருத்தி பூட்டுப் போட்ட ஓர் அறை கேட்டாள், சாவி தன்னிடம் இருக்க வேண்டும் என்றாள். இரண்டு பேச்சையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

வாக்குக் கொடுத்தபடி, நீங்கள் பேசிய ஒலிப்பதிவுகளை வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அழித்துவிடுவேன். ஆய்வேட்டின் சாரத்தைப் படங்களோடு எளிய தமிழில் நாலு பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வைகாசிக்குள் வீடு வீடாகக் கொண்டுவந்து நானே படித்துக் காட்டுகிறேன். தவறாக எழுதியிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

அம்மாவுக்கு நேரில் சொல்லிவிட்டேன்.

கடைசியாக, என் கூடப்பிறந்த தம்பி. உன்னைப் பற்றி எழுதிய அதிகாரத்தைப் பக்கம் பக்கமாக உனக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தவன், ஒரு பக்கம் வந்ததும் பேனாவை வாங்கிக் குறுக்கே பெரிதாக ஒரு கோடு போட்டாய். நெறியாளர் அந்தப் பக்கம்தான் சிறப்பாக வந்திருக்கிறது என்றார். அது ஆய்வேட்டில் இல்லை. அதில் என்ன இருந்தது என்று இங்கேயும் எழுத மாட்டேன்.

அன்புடன்,
அவனுடைய அக்கா
கோத்தகிரி