சிவப்பு ஒயினையும் ஃப்ரிட்ஜில் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஒயின் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் ஒயின் என்றாலே ஒன்று சினிமா வில்லன் கையில் இருக்கும், இல்லையென்றால் கள்ளச்சாராயச் செய்திக்குப் பக்கத்தில் இருக்கும். சாப்பாட்டோடு சேர்த்து எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எழுதியவர் பெயர் சொன்ன பாட்டில்கள் எல்லாம் போர்டோ, பர்கண்டி என்று பிரான்சிலேயே சுற்றுகின்றன. ஐரோப்பிய ஒயினுக்கு நாம் வருடக்கணக்காகப் போட்டு வந்த சுங்கம் 150 சதவீதம், அதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் வரி, அப்புறம் கடைக்காரர் லாபம். ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தப்படி 2022 டிசம்பரில் சுங்கம் குறைந்தது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டால், இறக்குமதி விலை ஐந்து டாலருக்குக் கீழே உள்ள பாட்டிலுக்கு அந்தச் சலுகை கிடையாதாம். அதாவது நம்மைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய பாட்டிலுக்கு இல்லை.

பெங்களூரில் மாதச் சம்பளத்தில் இருக்கும் நான் வாங்குவது ஆயிரம் ரூபாயை ஒட்டிய உள்ளூர்ச் சரக்கு. அந்த விலையில் சிவப்பு வாங்குவதா வெள்ளை வாங்குவதா என்பதுதான் எங்கள் வீட்டில் ஓயாத சண்டை, கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதனால் எழுதுகிறேன். வழக்கமான எச்சரிக்கை வாசகத்தை நீங்களே கீழே போட்டுக்கொள்ளுங்கள்.

என் கட்சி வெள்ளை. காரணம் ருசி மட்டுமில்லை, கணக்கும்தான். நம் ஊர் ஒயினில் பெரும்பகுதி நாசிக் பக்கத்திலிருந்து வருகிறது, அங்கே ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் திராட்சையைப் பறித்துவிடுகிறார்கள். வெள்ளைக்குப் பழத்தைப் பிழிந்து, தோலை ஒதுக்கிவிட்டு, சாற்றை மட்டும் எவர்சில்வர் தொட்டியில் குளிரவைத்துப் புளிக்கவைத்தால், சில மாதத்தில் பாட்டிலில் அடைத்துவிடலாம். நாசிக்கின் சுலா ஒயின் கம்பெனி 2000ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தபோது கொண்டுவந்த சாவினோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க் இரண்டுமே வெள்ளைதான். சிவப்புக்குத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்கவைக்க வேண்டும், நிறமும் துவர்ப்பும் அதிலிருந்துதான் வருகின்றன. அந்தத் துவர்ப்பு அடங்கிப் பதமாவதற்குக் காலம் வேண்டும், நல்லதாக வேண்டுமென்றால் ஓக் பீப்பாய் வேண்டும், இரண்டுமே காசு. ஆயிரம் ரூபாய் பாட்டிலில் அதற்கெல்லாம் இடம் ஏது? அதனால் இந்த விலையில் சுமாரான வெள்ளை கிடைப்பது சுலபம், சுமாரான சிவப்பு கிடைப்பது அதிர்ஷ்டம் என்பது என் எண்ணம்.

ருசி என்று பார்த்தாலும் நம் சாப்பாட்டுக்கு வெள்ளை ஒத்துப்போகிறது. ஷெனின் பிளாங்கில் லேசான தித்திப்பு இருக்கும், அதனால் மிளகாய்க் காரம் நாக்கில் சுள்ளென்று ஏறினால் அது இறக்கிவிடும். சாவினோன் பிளாங்கில் தித்திப்பு இல்லை, மூக்கருகில் கொண்டுபோனால் நறுக்கிய குடைமிளகாய் வாசனையும் வெட்டின புல் வாசனையும் அடிக்கும், எலுமிச்சை பிழிந்த நெத்திலி வறுவலோடு குடித்துப் பாருங்கள். மீன் குழம்போடு எடுபடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புளி தன் வேலையைக் காட்டிவிடும், எந்த ஒயினும் சப்பென்றாகிவிடும்.

என் மச்சானுக்கு (மனைவியின் தம்பி) இதெல்லாம் காதில் ஏறாது. அவனுக்கு ஷிராஸ் என்ற சிவப்புதான் ஒயின், வெள்ளையெல்லாம் ஜூஸ். ஈறைப் பிடித்து இழுக்க வேண்டும், நாவல் பழம் தின்ற மாதிரி நாக்கு தடிக்க வேண்டும், அப்போதுதான் காசு கொடுத்ததற்கு ஏதோ குடித்தது போல இருக்கிறதாம். அவன் ஊற்றித் தரும் ஷிராஸில் எனக்குப் பிடித்தது வேறு, அதில் மிளகு வாசனை வரும். இடித்த மிளகு, சந்தேகமே இல்லாமல். அதைச் சொன்னால் "அத்தான், நீங்களா கதை கட்றீங்க" என்று சிரிக்கிறான். விஷயம் என்னவென்றால் மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற அதே வேதிப்பொருள்தான் ஷிராஸிலும் இருக்கிறது, ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் 2008இல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்ததில் கிட்டத்தட்ட ஐந்து பேரில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே இல்லை, எவ்வளவு சேர்த்துக் கொடுத்தாலும். மச்சான் அந்த ஐந்தில் ஒருவன் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஒரே பாட்டிலிலிருந்து குடித்தாலும் அவன் குடிக்கும் ஒயின் வேறு, நான் குடிக்கும் ஒயின் வேறு என்றால், உங்கள் கட்டுரையாளர் "சிறந்த பத்து" என்று வரிசை போட்டதை யார் மூக்கை வைத்துப் போட்டார்?

நிறமே பாதி ஏமாற்று வேலை செய்கிறது. 2001இல் போர்டோவில் ஒயின் படிப்பு படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் அதை முகர்ந்துவிட்டு, சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே சொல்லியிருக்கிறார்கள். படித்தவர்களுக்கே இந்தக் கதி. நம்மூரில் சிவப்புக்குக் கிடைக்கும் மரியாதையில், அது ஆம்பளைங்க சமாச்சாரம் என்ற நினைப்பில், இந்தக் கண்ணால் குடிக்கிற பழக்கத்துக்கு எவ்வளவு பங்கு என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் சிவப்புக்கு ஒரு அநியாயமும் நடக்கிறது, கடையில். எங்கள் தெருமுனைக் கடையில் வெள்ளை ஒயின் எல்லாம் பீரோடு சேர்ந்து கண்ணாடிக் கதவு போட்ட ஃப்ரிட்ஜில் சுகமாக இருக்கிறது. சிவப்பு எங்கே? ரம்முக்கு மேல் தட்டில், டியூப்லைட்டுக்கு ஒரு சாண் கீழே, தூசி படிந்து, நின்றபடி. ரம்முக்கும் விஸ்கிக்கும் அந்தச் சூட்டில் ஒன்றும் ஆகாது, ஒயின் அப்படியில்லை. மே மாதத்தில் அங்கே வாங்கிய ஒரு சிவப்பு, வேகவைத்த உலர் திராட்சை வாசனையும் வாயில் ஒருவிதத் தட்டையான புளிப்புமாக இருந்தது. கடைக்காரரிடம் கேட்டால் "ரெட் ஒயின் ரூம் டெம்பரேச்சர்ல தான் சார் வைக்கணும்" என்று எனக்கே பாடம் எடுக்கிறார். அந்த ரூம், ஹீட்டர் காலத்துக்கு முந்திய ஐரோப்பியக் கல் வீட்டு ரூம். பதினாறு, பதினெட்டு டிகிரி இருக்கும். நம் ஊர் ஹாலில் ஏப்ரலில் முப்பதைத் தாண்டுகிறது, அந்தச் சூட்டில் ஊற்றினால் முதலில் மேலே வருவது ஆல்கஹால் நெடிதான், மிளகாவது பழமாவது. ஆகவே வாசகர்களுக்குச் சொல்கிறேன், சிவப்பையும் குடிப்பதற்கு அரைமணி முக்கால்மணி முன்னால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரொம்ப நேரம் வைத்துவிடாதீர்கள், துவர்ப்பு தூக்கலாகிவிடும். மச்சான் வீட்டில் ஒருமுறை அவனைக் கேட்காமல் நான் இதைச் செய்துவிட்டேன். மட்டன் சுக்காவோடு அதே ஷிராஸ், கொழுப்பில் துவர்ப்பு அடங்கி, அவ்வளவு நன்றாக இருந்தது. அந்த ஜோடிக்கு முன்னால் என் ஷெனின் பிளாங்க் நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். அவன் மட்டும் இன்றைக்கும் அது சுக்காவின் மகிமை என்கிறான்.

பக்கத்து வீட்டு கோவாக்கார அம்மா இந்தச் சண்டையிலேயே இல்லை. அவருக்குக் கிறிஸ்துமஸ் கேக்கோடு அங்கே போர்ட் ஒயின் என்று விற்கும் இனிப்புச் சிவப்பு போதும். போர்ச்சுகலின் அசல் போர்ட்டுக்கும் அதற்கும் பெயரைத் தவிர அதிகச் சொந்தமில்லை. இருக்கட்டுமே, கேக்குக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது, விலையும் கையைக் கடிக்காது.

இன்னொன்றையும் விட முடியவில்லை. கட்டுரையில் "தினம் ஒரு கோப்பை சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது" என்று பெட்டி கட்டிப் போட்டிருக்கிறீர்கள். இது 1991இல் அமெரிக்க டிவி ஒன்று பிரெஞ்சுக்காரர்களின் இதயத்தைப் பற்றி ஒளிபரப்பிய காலத்துக் கதை, அதற்கப்புறம் அங்கே சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே, உடலுக்குத் தீங்கில்லாத அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. சிவப்புக்கு விதிவிலக்கு ஏதும் கொடுக்கவில்லை. குடிப்பவர் ருசிக்காகக் குடிக்கட்டும், குறைவாகக் குடிக்கட்டும். மருந்து என்று சொல்லி ஒரு பெரியவர் ஆரம்பித்துவிட்டால் அந்தப் பாவம் உங்கள் பெட்டிச் செய்திக்குத்தான். என் மாமனாரே அதைக் கத்தரித்து டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

வாங்கப் போகிறவர்கள் லேபிளில் வருடத்தைப் பாருங்கள். இந்த விலை வெள்ளையை ஒன்றிரண்டு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும், பழசானால் விலை ஏறும் என்று அலமாரியில் பூட்டி வைப்பது வீண். சிவப்பு என்றால் மேல் தட்டில் நிற்பதை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் தருவார்கள். சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் தோட்டம் வைத்திருக்கும் ஃபிராடெல்லி கம்பெனியின் சாஞ்ஜோவேஸே என்ற சிவப்பு மட்டும் என்னைக் கொஞ்சம் அசைத்திருக்கிறது, துவர்ப்பு அளவாக, புளிப்பு தூக்கலாக, தக்காளித் தொக்கோடு கூட ஒத்துப்போகிறது. அதை மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த முறை இதே எழுத்தாளர் எழுதினால், ஒவ்வொரு பாட்டிலுக்குப் பக்கத்திலும் சென்னை, பெங்களூரு, புதுச்சேரி மூன்று ஊர் விலையையும் போடச் சொல்லுங்கள். ஒரே பாட்டிலுக்கு ஊருக்கு ஊர் எவ்வளவு வித்தியாசம் என்று உங்கள் வாசகர்களும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு