பீப்பாயைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வார இணைப்பில் ஸ்காட்ச் விஸ்கி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டிஸ்டிலரி, அதாவது விஸ்கி வடிக்கும் ஆலை, தானே அடைத்து விற்கும் பாட்டில்தான் அசல், அதனிடம் பீப்பாயாக வாங்கி வெளி நிறுவனங்கள் அடைப்பது இரண்டாந்தரம் என்ற வரியை என்னால் ஏற்க முடியவில்லை. நான் எடின்பரோவில் வசிப்பவன். அந்த நிறுவனங்களின் பாட்டில்களைத்தான் பெரும்பாலும் வாங்குகிறேன்.

அவற்றில் ஒன்றான கேடன்ஹெட் 1842 முதல் இருக்கிறது. இன்னொன்றான கோர்டன் அண்ட் மெக்ஃபெயில், 1895இல் ஸ்காட்லாந்தின் எல்ஜின் ஊரில் மளிகைக் கடையாகத் தொடங்கியது. பல டிஸ்டிலரிகளின் மால்ட் (முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கி) பெரும்பாலும் பல விஸ்கிகளைக் கலந்து செய்யும் பிளெண்டுக்கே போய்க்கொண்டிருந்த காலத்தில், அதைத் தனியாக அடைத்து டிஸ்டிலரியின் பெயரோடு விற்றவர்கள் இவர்கள். இவர்களை இரண்டாந்தரம் என்பது நியாயமில்லை.

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் உள்ள கல் ஈலா டிஸ்டிலரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வடிப்பதில் பெரும்பகுதி ஜானி வாக்கர் போன்ற பிளெண்டுகளுக்குப் போகிறது. டிஸ்டிலரியின் 12 வருட பாட்டிலில் ஆல்கஹால் 43 சதவீதம். பல பீப்பாய்களைக் கலந்து, எப்போது வாங்கினாலும் ஒரே ருசி வரும்படி செய்வது. அதுவும் நல்ல விஸ்கிதான். ஆனால் போன மாதம் அதன் பக்கத்தில் வேறு இரண்டு கல் ஈலாக்களை வைத்துப் பார்த்தோம். இரண்டும் வெளி நிறுவனங்கள் அடைத்தவை, ஒவ்வொன்றும் ஒரே பீப்பாய், தண்ணீர் சேர்க்காதது. பலமுறை பயன்படுத்திய, ஹாக்ஸ்ஹெட் என்ற அளவுப் பீப்பாயில் இருந்தது வெளிறிய வைக்கோல் நிறம். மூக்கருகே கொண்டுபோனதும் எலுமிச்சைத் தோல், உப்புக் காற்று, அப்புறம் நிதானமாக வரும் புகை. சில சொட்டுத் தண்ணீர் விட்டதும் லேசாக மங்கியது. குளிரவைத்து வடிகட்டாததால்தான் அப்படி. அதில் குறை ஒன்றுமில்லை. ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் இருந்த பீப்பாயில் இருந்ததோ கருஞ்சிவப்பு. உலர்திராட்சையும் கசப்புச் சாக்லேட்டும் முன்னால் நின்றன, புகை பின்னால் போய்விட்டது. வடித்த இடம் ஒன்று, மரம் வேறு. இந்த வித்தியாசத்தை 12 வருட பாட்டில் மட்டும் காட்டியிருக்காது.

வெளி நிறுவனம் அடைத்ததெல்லாம் சிறப்பு என்று சொல்லவில்லை. சாரம் தீர்ந்த பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்து சப்பென்று ஆனவையும் உண்டு. அதை மறைக்கக் கடைசி சில மாதங்கள் ஒயின் பீப்பாய்க்கு மாற்றியவையும் உண்டு. இன்னொன்று: டிஸ்டிலரியின் பெயர் இல்லாத பாட்டிலைக் கண்டு போலி என்று நினைக்க வேண்டாம். பெயரைப் போட அனுமதி கிடைக்காமல் இருக்கலாம். சில டிஸ்டிலரிகள் வேறு மால்ட்டைத் துளி கலந்தே பீப்பாயை விற்கும். அப்புறம் சட்டப்படி அதைச் சிங்கிள் மால்ட், அதாவது ஒரே டிஸ்டிலரியின் மால்ட், என்று சொல்ல முடியாது.

வாங்குபவர் வயதை மட்டும் பார்க்காமல், பீப்பாயின் வகை, ஆல்கஹால் அளவு, வடித்த ஆண்டு, அடைத்த ஆண்டு ஆகியவற்றையும் லேபிளில் படிக்க வேண்டும். நிறத்தை நம்பக் கூடாது. சட்டம் கேரமல் நிறமி சேர்க்க அனுமதிக்கிறது.

கோர்டன் அண்ட் மெக்ஃபெயில் 2024 முதல் பிற டிஸ்டிலரிகளின் புதுச் சரக்கைப் பீப்பாய்களில் நிரப்புவதில்லை என்று 2023இல் அறிவித்துவிட்டது. ஏற்கெனவே முதிர்ந்துகொண்டிருக்கும் பீப்பாய்கள் இன்னும் பல்லாண்டு வரும். ஆனாலும் இந்த அறிவிப்பு என்னை வருத்தியது. இப்படிப்பட்டவர்களைப் பற்றி அடுத்த இணைப்பில் ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், எடின்பரோ