பராகுவே ரஷ்யர்கள் உரைக்கு உதவியவர்களுக்கு நன்றி

வணக்கம் நண்பர்களே. பராகுவேயில் குடியேறிய ரஷ்யர்களைப் பற்றிக் கூட்டத்தில் நான் பேசியதற்கு இன்னும் பாராட்டு வந்துகொண்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி வேறு சிலருக்குச் சேர வேண்டியது என்பதால் எல்லோருக்கும் தெரியும்படி இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் டாக்டர் அக்கா. ரஷ்யாவில் மருத்துவம் படித்தவர். ரஷ்ய உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படை தோற்றபின் நாட்டைவிட்டு வெளியேறி 1924ல் பராகுவே தலைநகர் அசுன்சியோன் வந்து சேர்ந்த தளபதி இவான் பெலாயெவ் பற்றி ரஷ்ய மொழியில் கிடைத்ததையெல்லாம் படித்து, நைட் டியூட்டி முடிந்து வந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினார். சிலவற்றில் பின்னால் குக்கர் விசில் வேறு. பராகுவேயும் பொலிவியாவும் உரிமை கோரிய சாகோவின் வறண்ட முட்காட்டில் தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்தவன் கைதான் ஓங்கும், அதனால்தான் பராகுவே ராணுவம் அவரை அங்கே வரைபடம் போட அனுப்பியது, பழங்குடி வழிகாட்டிகளோடு அவர் 1931ல் பித்தியாந்துத்தா ஏரியை எட்டினார், அடுத்த வருஷமே பொலிவியப் படை அங்கிருந்த காவல் அரணைப் பிடிக்கப்போய்ப் பெரிய போராகிவிட்டது என்று நான் சொன்ன கதை முழுக்க அக்கா தந்தது. பொலிவியப் படைக்குப் பின்னர் தலைமை தாங்கிய ஹான்ஸ் குண்ட், முதல் உலகப் போரில் ரஷ்யர்களோடு மோதிய ஜெர்மானியர் என்றதும் அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்ததே, அதுவும் அவர் புண்ணியம்.

அசுன்சியோனில் வேலை பார்க்கும் தம்பி, விடுமுறை நாளில் கொளுத்தும் வெயிலில் அலைந்து, 1920களில் அகதிகள் எழுப்பிய ரஷ்ய தேவாலயத்தையும் அந்தப் போரில் பராகுவே பக்கம் நின்று இறந்த ரஷ்ய அதிகாரிகளின் பெயர் தாங்கிய தெருக்களையும் படம் எடுத்து அனுப்பினான். ஒரு பெயர்ப்பலகைக்குக் கீழே இரண்டு பேர் ஒரே குவளையில் மாறி மாறித் தெரெரே என்ற குளிர்ந்த இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த படம் அதுதான்.

ஜார் காலத்தில் 1909ல் தொடங்கிய தூதரக உறவு புரட்சியோடு அறுந்து, 1992ல்தான் மறுபடி ஒட்டியது. இரண்டு அரசுகளும் முகம் பார்க்காத அந்த நீண்ட இடைவெளியில்தான் ரஷ்யர்கள் அங்கே வேர்விட்டார்கள், அதை உரையின் நடுவில் வை என்று பிடிவாதமாகச் சொன்னவர் நம் நூலக நண்பர். சரியான யோசனை. நான் போரோடு தொடங்கிப் போரோடு முடித்திருப்பேன்.

அப்புறம், என்னோடு மல்லுக்கு நின்ற ஆசிரியர் ஐயா! ஸ்டாலினின் கூட்டுப்பண்ணைக்குத் தப்பி 1930ல் சாகோவுக்கு வந்து ஃபெர்ன்ஹைம் குடியேற்றத்தை உருவாக்கிய மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வீட்டில் பேசியது ஜெர்மன், அவர்களையும் ரஷ்யக் குடியேறிகள் கணக்கில் சேர்க்கலாமா என்று நான் இழுத்தேன். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை விட்டு வந்தவர்களை வேறு எந்தக் கணக்கில் எழுதுவாய் என்றார். எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை, ஆனால் சேர்த்துவிட்டேன் ஐயா.

1957ல் பெலாயெவ் இறந்தபோது மக்கா பழங்குடியினர் உடலைத் தங்கள் மண்ணுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்ததைப் பற்றிக் கடைசி வரிசையிலிருந்து ஒரு தங்கை கேட்டார், நேரமில்லாமல் விட்டுவிட்டேன். அதை மட்டும் தனியாக எழுதுகிறேன். ஒலிப்பதிவு வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். படங்களை மட்டும் தம்பியைக் கேட்காமல் வேறெங்கும் போட வேண்டாம்.