வளர்த்த ஆமையை ஒப்படைக்க ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்ண மீன் கடைகளில் குழந்தைகளுக்காகச் சிவப்புக்காது ஆமைக் குஞ்சுகளை வாங்கிச் செல்லும் பெற்றோரிடம், அது சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு வளரும் என்பதையோ, முப்பது ஆண்டுகள் வரைகூட உயிர்வாழும் என்பதையோ பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. உள்ளங்கையில் அடங்கிய குஞ்சு தொட்டி கொள்ளாமல் வளர்ந்து, நீரை நாறடித்து, கையைக் கடிக்கவும் தொடங்கியபின் வீட்டார் நாடுவது பக்கத்து ஏரியை அல்லது கோயில் குளத்தை. கொல்லாமல் விட்டோமே என்ற நிறைவோடும், சிலர் புண்ணியம் என்றே நம்பியும் விடுகிறார்கள். அந்த இரக்கம் உண்மையானது. ஆயினும் அதனால் நலிவது நம் குளத்து உயிர்கள்.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இந்த ஆமை, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் உள்ளது. செடி, மீன், தவளை என எதையும் தின்று, ஓராண்டிலேயே பலமுறை முட்டையிட்டு, நம் பாலாமை போன்றவற்றின் இரையையும் வெயில் காயும் இடங்களையும் பிடித்துக்கொள்கிறது; மனிதருக்கு வயிற்று நோய் தரும் சால்மோனெல்லா கிருமியையும் சுமக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 1997ஆம் ஆண்டிலேயே இதன் இறக்குமதியைத் தடுத்துவிட்டது. கேரளத்தில், திருச்சூர் அருகே 2018இல் இது வாய்க்காலில் காணப்பட்டபின், பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கி, வளர்ந்ததும் ஏரியில் கொட்டப்படும் 'டேங்க் கிளீனர்' மீனும் இப்படிப்பட்டதே. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அம்மீன் கரையைக் குடைந்து முட்டையிடுகிறது, அதன் முள்ளும் கவசமும் வலையைக் கிழிக்கின்றன, பிடிபட்டாலும் விலைபோவதில்லை.

நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வளர்ப்பது குற்றம் என்பதை அறிந்த பலர், அயல்நாட்டு ஆமையென்றால் சிக்கலில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். ஊடுருவல் உயிரினங்களின் இறக்குமதி, வணிகம், வளர்ப்பு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் 62ஏ பிரிவு, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. அதைக் கடைவீதிவரை கொண்டுவர வேண்டும்.

ஆனால் தண்டனையை மட்டும் அறிவித்தால், பகலில் விடுபவர்கள் இரவில் விடுவார்கள். வளர்ப்பாரிடமிருந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகளால் பெரும் இழப்பைச் சந்தித்த ஃபுளோரிடா மாநிலம், வளர்க்க இயலாத அயல்நாட்டு விலங்குகளை அபராதமோ வழக்கோ இன்றி ஒப்படைக்க வழிசெய்து, தகுதியுள்ளோரிடம் அவற்றைச் சேர்க்கிறது. தமிழ்நாட்டிலும் வனத்துறையும் மீன்வளத்துறையும் இணைந்து, மாவட்டத்துக்கு ஒன்றாவது இத்தகைய ஏற்பு மையத்தைத் திறக்க வேண்டும். முழு வளர்ச்சியில் எவ்வளவு பெரிதாகும், எத்தனை ஆண்டு வாழும் என்பதைக் கடைக்காரர் தமிழில் எழுதித் தருவதும், திருப்பிக் கொண்டுவந்தால் ஏற்பதும் உரிமத்தின் நிபந்தனையாக வேண்டும். சீமைக் கருவேலம், உண்ணிச்செடி முதலிய அயல் தாவரங்களை அகற்ற 2022இல் கொள்கை வகுத்த நம் அரசுக்கு இது புதிய சிந்தனையன்று. கோயில் குளக்கரைகளில் இதற்கான அறிவிப்புப் பலகைகளை இந்து சமய அறநிலையத்துறை உடனே வைக்கலாம்.

அதுவரை, வளர்க்க முடியாதவர்கள் வாங்கிய கடையையோ, கால்நடை மருத்துவரையோ, வனத்துறை அலுவலகத்தையோ அணுகுமாறும், எந்நிலையிலும் நீர்நிலையில் விடாதிருக்குமாறும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சென்னை