பாட்டுக்கு ஏத்த மேடை வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன சனிக்கிழம எங்க ஊரு மண்டபத்துல நம்ம பசங்க ராக் கச்சேரி வச்சாங்க, ரப்பர் தோட்டத்த விட்டு வெளியேறுன குடும்பங்கள பத்தியே எல்லா பாட்டும், உருக்கமா எழுதியிருந்தாங்க, ஆனா டியூப்லைட் பூரா எரியுது, நடுவுல லக்கி டிரா நம்பர் வேற படிக்கிறாங்க, மனசு எப்படி ஒட்டும்? 1980-ல பிங்க் ஃபிளாய்ட்ங்கிற இங்கிலாந்து ராக் குழு கச்சேரி நடக்க நடக்கவே அட்டை செங்கல அடுக்கி தங்களுக்கும் ஜனங்களுக்கும் நடுவுல பெரிய சுவரே எழுப்புனாங்க, கடைசில இடிச்சும் தள்ளுனாங்க, பாஷை தெரியாதவனுக்கும் தனிமைன்னா என்னன்னு புரியும். நமக்கு அவ்ளோ செலவு வேணாம். லைட்ட எல்லாம் அணைச்சுட்டு, தலையில கட்டுற ஒரே ஒரு விளக்கோட முதல் பாட்ட ஆரம்பிங்க. எங்கம்மா விடியக்காலைல ரப்பர் பால் எடுக்க பால்மரம் வெட்ட போன இருட்டு அது.

வாசகர், சுங்கை சிப்புட்