பதினான்கு முக்காலிகளுக்கு நன்றி

அன்புள்ள ஸ்காபரோ உறவுகளுக்கு,

கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கான எங்கள் தலைமைத்துவ வகுப்பில் படித்த பதினான்கு பேரும் நேற்றிரவு சான்றிதழ் வாங்கினார்கள். ஒருவர்கூட இடையில் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வகுப்பு நடத்த இடமில்லாமல் நாங்கள் தவித்த அந்தப் பத்து நாட்களை நீங்கள் அறிவீர்கள். அதை மறுபடி சொல்லப் போவதில்லை. அந்தப் பெண்கள் தங்கள் நன்றியை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குக் கணக்குப் பாடம் எடுத்தவள் என்ற முறையில் நான் தமிழில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

கதிரைகள் தந்த கோயில் நிர்வாகத்தினர், பனி கொட்டிய இரவில் ஆட்களை வீடு வரை ஏற்றிச் சென்ற தம்பிமார், பாணும் சம்பலும் கட்டி அனுப்பிய அக்காமார், நகலெடுத்த தாள்களுக்குக் காசு வாங்க மறுத்த கடைக்காரர் எல்லோருக்கும் என் நன்றி. உங்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் வகுப்பு நின்றிருக்கும்.

இனி, தையல்கடை ஐயாவைப் பற்றி.

இடம் தேடி நான் தொலைபேசியில் பேசியவர்களில் சிலர் முதலில் சரி என்றார்கள். கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கான தலைமைத்துவ வகுப்பு என்று சொன்னதும் குரல் மாறியது. "யோசித்துச் சொல்கிறோம்" என்றார்கள். அவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். மூன்றாவது மறுப்புக்குப் பிறகு நான் ஒரு கோழைத்தனம் செய்தேன். ஐயாவிடம் அவருடைய கடையின் நிலவறையைக் கேட்டபோது, "சிறு வணிகர்கள் கொஞ்சப் பேர்" என்று மட்டும் சொன்னேன். வருகிறவர்கள் யார் என்பதை மறைத்தேன்.

முதல் செவ்வாய்க்கிழமை அவர் படியருகே நின்று ஒவ்வொருவரையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. வியாழக்கிழமை போனபோது பதினான்கு கதிரைகளுக்கு முன்னாலும் பதினான்கு சிறு முக்காலிகள் இருந்தன. பழைய பலகைகளை அறுத்துக் கால் பூட்டி, மேலே பஞ்சு வைத்து, மிஞ்சிய சட்டைத் துணிகளால் தைத்திருந்தார். ஒன்றில் மயில் கழுத்து நீலம், ஒன்றில் சரிகைக் கரை. எதற்கு ஐயா என்று கேட்டேன். "பிள்ளை, அவர்கள் நாள் முழுக்க நிற்கிற ஆட்கள். இறங்கும்போது ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை அழுத்திக்கொண்டிருந்தாள். நான் இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவியவன். அந்த வலி எனக்குத் தெரியும்" என்றார்.

அவர்களோடு கூடவே இருந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. பெரும்பாலானவர்கள் முடி பின்னுகிறவர்கள். ஒரு தலைக்கு ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் நின்றபடி பின்னிவிட்டு நேரே வகுப்புக்கு வருவார்கள். அந்த நேரத்தைக் கூலியாகக் கணக்கிட்டு எழுத வைத்தவளே நான்தான். வாங்கிய முடிக்கும் வாடகைக்கும் கழித்துவிட்டால் மணிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து ஒருத்தி அழுததும் என் வகுப்பில்தான். நான் மணி நேரத்தை எண்ணினேன். ஐயா கால்களைப் பார்த்தார்.

வகுப்பை நடத்தும் ஜமேக்கா அக்கா அன்று அந்த முக்காலியில் கால் வைத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். டொராண்டோவின் எக்ளிங்டன் மேற்கில் 'லிட்டில் ஜமேக்கா' என்று சொல்லும் தெருவில் சலூன் வைத்திருந்தவர். 2011இல் அந்தத் தெருவை ரயில் பாதைக்காகத் தோண்டத் தொடங்கியபின், ஆண்டுக்கணக்கில் வேலிகளுக்கு நடுவே வாடிக்கையாளரை எதிர்பார்த்து நின்று, கடைசியில் கடையைப் பூட்டியவர். ஒவ்வொரு வகுப்பையும் மேசையில் ஒரு பத்து டொலர் நோட்டை வைத்துத்தான் தொடங்குவார். அந்தக் கனடிய நோட்டில் படமாக இருக்கும் கறுப்பினப் பெண் வயோலா டெஸ்மண்ட், நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஹலிஃபாக்ஸில் அழகுக்கலை நிலையம் நடத்தியவர். 1946இல் திரையரங்கில் வெள்ளையருக்கென ஒதுக்கிய பகுதியை விட்டு எழ மறுத்துக் கைதானதை நம் பிள்ளைகளும் பள்ளியில் படிக்கிறார்கள். அக்கா சொல்வது அவருடைய இன்னொரு வேலையை. நோவா ஸ்கோஷியாவில் கறுப்பினப் பெண்களை அழகுக்கலைப் பள்ளிகள் சேர்க்காத காலத்தில், அவர் வெளியூர்களில் படித்துத் திரும்பி, தானே ஒரு பள்ளி தொடங்கி, மற்றப் பெண்களும் சொந்தக் கடை வைக்கும்படி பயிற்சி கொடுத்தார். எங்கள் வகுப்பும் அந்த வேலைதான் என்பார் அக்கா.

ஐயாவுக்கும் அக்காவுக்கும் பொது மொழி அதிகம் இல்லை. ஆனாலும் ஒரு நாள் வங்கிக் கடன் மறுப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "இவர்களிடம் சீட்டு இல்லையா?" என்று ஐயா என்னைக் கேட்டார். மொழிபெயர்த்தேன். வகுப்பே எழுந்துவிட்டது. ஜமேக்காவில் அது 'பார்ட்னர்', ட்ரினிடாட்டில் 'சூசூ', எத்தியோப்பியாவில் 'இக்குப்' என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். சீட்டுப் பிடிக்கும் பெண்ணை ஜமேக்காவில் 'பேங்கர்' என்றே அழைப்பார்களாம். அதைக் கேட்டு ஐயா கைதட்டினார். 2020இல் கனடா மத்திய அரசு கறுப்பினத் தொழில்முனைவோருக்கான திட்டத்தை அறிவித்தது. அதன் கடன் நிதியில் 2,50,000 டொலர் வரை கேட்கலாம். அதற்குத் தொழில் திட்டமும் ஒழுங்கான கணக்கும் வேண்டும். ஆண்டுக்கணக்காகச் சீட்டுக் கொப்பியைப் பிசகில்லாமல் எழுதிவந்த பெண்களுக்கு அது எட்டாத வேலை இல்லை என்பது அன்று எனக்கே உறைத்தது. இப்போது அவர்களில் நான்கு பேரின் விண்ணப்பங்கள் தயாராக உள்ளன.

ஐயா, உங்களிடம் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இனி இடம் கேட்கும்போது வருகிறவர்கள் யார் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்வேன். கறுப்பினத்தவரைப் பற்றி நம் விருந்துகளில் தாழ்வாக யாராவது பேசினால், இதுவரை போலச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன். இதை எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுவது, பிறகு நழுவ முடியாமல் இருக்கத்தான்.

தை மாதம் அடுத்த வகுப்பு தொடங்குகிறது. பதினேழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் மூன்று முக்காலி வேண்டும், ஐயா. பலகை நான் வாங்கி வருகிறேன், தைக்கவும் கற்றுத் தாருங்கள். நிலவறைத் திறப்பு இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.